சினி ஏரி தண்ணீர்த் தொட்டி அல்ல

அம்பாங் என்ற பெயரே தண்ணீரைத் தடுத்துக் கட்டுவதைக் குறிப்பது. மலாய் மொழியில் 'எம்பாங்' என்றால் அணை. 1857-இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். காட்டுக் காய்ச்சலுக்குப் பலியானவர்கள் போக மிஞ்சியது 18 பேர் என்று கோலாலம்பூர் வரலாறு சொல்கிறது. பிறகும் ஆட்கள் வந்தார்கள், ஈய மண்ணைக் கழுவ ஆற்றைத் தடுத்தார்கள், தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கியது. இன்று நாம் மாலையில் நடக்கப் போகும் அம்பாங் ஹிலிர் ஏரி உட்பட, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல ஏரிகள் பழைய ஈயக்குட்டைகள்தான். வடக்கே மலைக்குள் இருக்கும் கிள்ளான் கேட்ஸ் நீர்த்தேக்கம் 1958-இல் கட்டியது.

ஆக, நமக்குப் பழக்கமான ஏரிகள் எல்லாம் மனிதர் வெட்டியவை அல்லது கட்டியவை. அவை நிறைந்திருந்தால் மகிழ்ச்சி, வற்றினால் கவலை. இதே கணக்கை ஓர் இயற்கை ஏரிக்கும் போட்டுப் பார்த்ததன் விளைவு பகாங்கில் இருக்கிறது.

பெக்கான் மாவட்டத்தில் உள்ள தாசேக் சினி, தாசேக் பெராவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரி. ஒரே ஏரி என்று சொல்வதைவிட, ஒன்றோடு ஒன்று தொடுத்த 12 நீர்ப்பரப்புகள் எனலாம். அங்கே வாழும் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் ஒவ்வொன்றையும் 'லாவுட்', அதாவது கடல் என்றே அழைக்கிறார்கள். லாவுட் குமும், லாவுட் மெலாய், லாவுட் ஜெம்பெராவ் என்று பெயர்கள் போகின்றன. திறந்த நீர்ப்பரப்பு சுமார் 200 ஹெக்டர்தான். அதைச் சுற்றி அதைவிட மூன்று மடங்குக்கு மேல் சதுப்புக் காடு. ஆழமும் அதிகமில்லை.

இந்த ஏரியின் உயிர் சினி ஆற்றில் இருக்கிறது. சுமார் 4.8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சிற்றாறு ஏரி நீரைப் பகாங் ஆற்றுக்குக் கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழையில் பகாங் ஆறு பொங்கும்போது கதை தலைகீழாகிறது. சினி ஆறு பின்னோக்கி ஓடி, பெரிய ஆற்றின் வெள்ளத்தை ஏரிக்குள் கொண்டு வருகிறது. கரையோரக் காடு மூழ்குகிறது. மீன்கள் மரங்களுக்கிடையே நீந்தி இரை தேடி முட்டையிடுகின்றன. மழை ஓய்ந்ததும் நீர் வடிகிறது. கரை வெளியே தெரிகிறது, மரவேர்களுக்குக் காற்று கிடைக்கிறது, விதைகள் முளைக்கின்றன. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியிலும் இதே ஏற்பாடுதான். மீகோங் ஆற்று நீர் ஏறினால் அது பல மடங்கு விரிந்து மீண்டும் சுருங்கும். ஏறுவதும் இறங்குவதும் இத்தகைய ஏரிகளுக்கு மூச்சு மாதிரி.

1995-இல் சினி ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். நோக்கம் கெட்டதல்ல. வறண்ட மாதங்களில் நீர் குறைந்து சுற்றுப்பயணிகளின் படகு ஓட முடியாமல் போகக் கூடாது என்பதுதான். நீர்மட்டம் உயர்ந்தது, உயர்ந்தே நின்றது. வெள்ளத்தைச் சில வாரம் தாங்கப் பழகிய கரையோர மரங்கள் ஆண்டு முழுவதும் நீரில் நின்று பட்டுப் போயின. பிறகு அணையின் உயரத்தைக் குறைத்தார்கள். செத்த மரம் அதற்காகத் துளிர்க்குமா?

இந்தத் தவறு நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தியாவின் மணிப்பூரில் லோக்தாக் ஏரி இருக்கிறது. அதில் மிதக்கும் புல்திட்டுகள் கோடையில் நீர் இறங்கும்போது தரையைத் தொட்டு, வேர் வழியே சத்தெடுத்துத் தடிக்கும். மின் உற்பத்திக்காக 1983-இல் இத்தாய் அணை வந்தது. நீர் இறங்குவது நின்றது, திட்டுகள் மெலியத் தொடங்கின. அந்தத் திட்டுகளின் மேல் வாழும் சங்காய் மான்களுக்கு உலகில் வேறு காட்டு வாழிடம் கிடையாது. அங்கே மின்சாரம், இங்கே படகுச் சவாரி. ஏரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

சினியில் அணையோடு பிரச்சினை முடியவில்லை. சுற்றியுள்ள குன்றுகளில் மரம் வெட்டினார்கள், செம்பனை நட்டார்கள், பின்னர் இரும்புத் தாது தோண்டினார்கள். மொட்டையான மலையில் மழை பெய்தால் செம்மண் எங்கே போகும்? ஏரிக்குத்தான். சினி என்றாலே நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது தாமரை. தாமரை சேற்றில் வேரூன்றி, ஆழம் குறைந்த தெளிந்த நீரில் தண்டு நீட்டி வளர்வது. நீர் ஆழமாகி, கலங்கி, வெளிச்சம் அடியில் விழாமல் போனால் இளம் செடி மேலே வர முடியாது. தாமரை குறைந்த இடங்களில், மீன் தொட்டியில் வளர்க்கும் கபோம்பா என்ற தென்னமெரிக்கச் செடி பரவிவிட்டது. தாமரைக் காட்டைப் பார்க்க ஆசையாகப் போய், ஏமாந்து திரும்பியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள்.

இத்தனைக்கும் இது 2009-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்த இடம், மலேசியாவில் முதலாவது. அப்புறம் எப்படிச் சுரங்கம் வந்தது என்று கேட்டால், பதில் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கிறது. நிலம், காடு, சுரங்கக் குத்தகை எல்லாம் மாநில அதிகாரம். யுனெஸ்கோவிடம் நாட்டின் சார்பில் பேசுவது மத்திய அரசாங்கம், உரிமத்தில் கையெழுத்துப் போடுவது மாநிலம். குவாந்தானில் பாக்சைட் மண் சாலையையும் கடலையும் சிவப்பாக்கியபோது, 2016 ஜனவரியில் சுரங்க வேலையை நிறுத்தி வைத்தார்கள். அங்கே நகர மக்கள் கண்ணால் பார்த்தார்கள், கத்தினார்கள். சினியில் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஜக்கூன் மக்கள். அவர்கள் குரல் கோலாலம்பூருக்கு வந்து சேர ஆண்டுகள் ஆயின. 2021-இல் எதிர்ப்பு பெரிதான பிறகுதான், புதிய உரிமம் இல்லை, பழையவை நீட்டிக்கப்படாது என்று மாநில அரசாங்கம் அறிவித்தது.

மாநிலத்தை மட்டும் திட்டிப் பயனில்லை என்பது என் எண்ணம். தாது வெட்டினால் கருவூலத்துக்குப் பணம் வருகிறது. ஏரியைச் சும்மா விட்டால் என்ன வருகிறது? இதற்காகத்தான் காட்டையும் பல்லுயிரையும் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசாங்கம் நிதி தரும் திட்டம் வந்தது. 2019 பட்ஜெட்டில் 6 கோடி வெள்ளி. 2025 பட்ஜெட்டில் 25 கோடி. தொகை வளர்ந்திருப்பது நல்லது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதைப் பங்கு போட வேண்டும்.

இது அம்பாங் மக்களுக்கு ஏன் என்று கேட்கலாம். நமக்குப் பின்னால் இருக்கும் மலையைத் தாண்டினால் உலு லங்காட். பகாங்கின் செமந்தான் ஆற்று நீர் 44.6 கிலோமீட்டர் சுரங்கப் பாதை வழியாக அங்குள்ள லங்காட் 2 சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. நாளொன்றுக்கு 1,890 மில்லியன் லிட்டர் வரை கொண்டுவரும் திட்டம் அது. சினி ஏரியின் நீர் நம் குழாயில் வரவில்லை. அது வேறு இடம். ஆனால் செமந்தான் போய்ச் சேருவதும் பகாங் ஆற்றில்தான், சினிக்கு மேலே. ஒரே ஆற்றுப் படுகையின் தண்ணீரைக் கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கிறது. குழாயில் ஓடும் பகாங் தண்ணீருக்கு லிட்டர் கணக்கு இருக்கிறது, விலை இருக்கிறது. சினியில் ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டிய தண்ணீருக்கு இரண்டும் இல்லை. பகாங்கோடு அடுத்த தண்ணீர்ப் பேச்சுவார்த்தை வரும்போது, அந்த ஆற்றுப் படுகையின் ஏரிகளுக்கும் ஒரு பங்கு எழுதப்படுமா என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தண்ணீர்க் கட்டணம் கட்டுவது நாம்தானே.