ஜில்லுனு ஒரு வேர்!

ஈ.சி.ஆர். பக்கம் ட்ரிப் போனப்போ, மாமல்லபுரத்து ரெஸ்டாரன்ட் மெனு கார்டுல 'ஹெர்பல் சிட்ரஸ் மாக்டெய்ல்'னு பார்த்திருப்பீங்க. விலையைப் பார்த்துட்டு கார்டை மூடியிருப்பீங்க. ரைட்டா? டோன்ட் வொர்ரி. அதுக்கெல்லாம் தாத்தா ஒருத்தர் நம்ம ஊர்லயே இருக்கார். பேரு நன்னாரி லெமன்!

நாட்டு மருந்துக் கடையில 50 கிராம் நன்னாரி வேர் வாங்குங்க. கழுவி, தட்டி, நடுவுல இருக்கற கட்டை நரம்பை எடுத்துடுங்க. வாசனை தோல்லதான் இருக்கு. அரை லிட்டர் கொதிக்கிற தண்ணியில போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலையில துணியில வடிகட்டி, அரை கிலோ சர்க்கரை சேர்த்து, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுற வரைக்கும் காய்ச்சுங்க. கொதிக்கும்போதே அரை மூடி எலுமிச்சை பிழியுங்க. புளிப்பு பட்டா சர்க்கரை சீக்கிரம் உறையாது. இதான் சிரப். ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைங்க.

இப்போ கிளாஸ்ல ரெண்டு ஸ்பூன் சிரப், அரை மூடி எலுமிச்சை, உள்ளங்கையில தட்டின அஞ்சாறு புதினா இலை, ஒரு சிட்டிகை உப்பு. மேல ஜில் தண்ணி, இல்லைன்னா கோலி சோடா. தோல் நசுங்குற அளவுக்கு எலுமிச்சையை முறுக்காதீங்க, கசந்துடும். கடை பாட்டில் மாதிரி கறுப்பா வரலையேன்னு கவலையா? அந்த பாட்டில் லேபிளைப் படிங்க. பலதுல கேரமல் கலர்னு போட்டிருக்கும்!

கெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். நன்னாரிக்கு அந்த மணத்தைத் தர்ற பொருளும் வெனிலா ஐஸ்க்ரீம் வாசனையான வெனிலினும் ஐசோமர்கள். ஃபார்முலா ஒண்ணேதான், C-க்கு பதில் தமிழ்ல சொன்னா: கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3!

சரி, அந்த வேர் கடைக்கு எப்படி வருது? யாரோ ஒருத்தர் முள்ளுக்காட்டுல குனிஞ்சு தோண்டினாதான் வரும். செங்கல்பட்டுப் பக்கம் மூலிகைகளை நல்லாத் தெரிஞ்சவங்க இருளர்கள். நமக்கு அவங்களை பாம்பு பிடிக்கிறவங்களா மட்டும்தான் தெரியும். 1978-ல தொடங்கின அவங்க கூட்டுறவு சங்கம் எடுக்கற விஷம்தான் பாம்புக்கடி மருந்துக்குப் போகுது. மாசி மகத்தன்னிக்கு மாமல்லபுரம் கடற்கரையில கூடி கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணமும் பண்றது அவங்கதான். 1986-ல இருளர் பெண்களுக்குன்னு தொடங்கின நலச் சங்கம் ஒண்ணு, திருக்கழுக்குன்றம் பக்கத்துல தண்டரையில மூலிகைத் தோட்டமே வளர்க்குது.

மேட்டர் இதான். இலையைப் பறிச்சா மறுபடி துளிர்க்கும். மொத்த வேரையும் பிடுங்கினா? கொடி காலி! காட்டுலேர்ந்தே எடுத்துக்கிட்டு இருந்தா, அடுத்த செட் பசங்களுக்கு எசன்ஸ்தான் மிச்சம். அதனால, வளர்த்து விக்கிறவங்ககிட்ட வாங்குங்க, பேரம் பேசாதீங்க. முடிஞ்சா நர்சரியில ஒரு நன்னாரிக் கன்று வாங்கி, மொட்டை மாடித் தொட்டியில வைங்க. நீங்க ஃபைனல் இயர் வர்றதுக்குள்ள கொடி கம்பியைப் பிடிச்சு ஏறியிருக்கும்.

சியர்ஸ் பாஸ்!