மடியில் கனமில்லாதவர்களுக்கும் வழியில் பயம் உண்டு

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு?" உண்மை கண்டறியும் சோதனைக்கு யாராவது மறுத்தால், டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் உடனே இந்தப் பழமொழி வந்துவிடும். சேரிக்குள் நள்ளிரவில் போலீஸ் ஜீப் நுழைவதைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் இருக்கும் கொடும்பாளூரும் வேங்கைவயலும் ஒரே புதுக்கோட்டை மாவட்டம்தான். வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று தெரியவந்தது. அடுத்த மாதம் வழக்கு சிபிசிஐடியிடம் போனது. டிஎன்ஏ பரிசோதனைக்கு, அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே ரத்தம் கேட்டார்கள். பிறகு உண்மை கண்டறியும் சோதனைக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார்கள். கடைசியில், 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகையில் வந்தவை அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூவரின் பெயர்கள். ஊர் மக்கள் அதை ஏற்காமல் போராடினார்கள்.

அந்தக் கருவி எதை அளக்கிறது? மூச்சு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தோலின் வியர்வை. அவ்வளவுதான். பொய்க்கென்று தனித் துடிப்பு எதுவும் உடலில் கிடையாது. பயத்திலும் அவமானத்திலும் கோபத்திலும் அதே கோடுகள்தாம் எகிறும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவில் இருந்துகொண்டே சோவியத்துக்கு ரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986, 1991 இரண்டு முறையும் இந்தச் சோதனையில் தேறியவர்.

பயம் இந்த நாட்டில் சாதி பார்த்துத்தான் பங்கிடப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்படுபவருக்கும், மணிக்கணக்கில் நிற்கவைக்கப்படுபவருக்கும் நாடி ஒரே மாதிரியா துடிக்கும்? பழகிய அதிகாரம் அமைதியாகப் பதில் சொல்லும். நிரபராதியின் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பொய் என்று எழுதுவது அறிவியல் ஆகாது.

2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: சம்மதமில்லாமல் இந்தச் சோதனை கூடாது, சம்மதித்து எடுத்தாலும் அதன் முடிவு மட்டுமே சாட்சியமாகாது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாமல் இருப்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு தரும் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்துவதைக் குற்ற ஒப்புதலாகப் பேசுவது அயோக்கியத்தனம்.

"அப்படியானால் குற்றவாளி தப்பிக்கட்டுமா?" என்பார்கள். தப்பவே கூடாது. அதற்குத்தான் முதல் நாளிலேயே தடயம் சேகரிக்க வேண்டும், சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், ஊரின் சாதிப் பகையைக் கணக்கில் எடுத்து விசாரிக்க வேண்டும் என்கிறோம். தோழர்களே, அடுத்த முறை யாராவது அந்தப் பழமொழியைச் சொன்னால் இதைக் கேளுங்கள்: புலனாய்வு செய்ய வேண்டியது காவல்துறையா, பாதிக்கப்பட்டவரின் வியர்வையா?