‘நோயாளிக்கே உரிய மாதிரி’: எதில் உரியது?

வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் வெடிக்கும் அபாயத்தைக் கணினிவழிக் கணிக்கும் கட்டுரைகளில் ‘நோயாளிக்கே உரிய மாதிரி’ என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. அத்தொடருக்கு நம் துறை இன்னும் தகுதி பெறவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அம்மாதிரியில் நோயாளிக்கு உரியது எது? சி.டி. ஸ்கேனிலிருந்து பெற்ற வடிவம். சிலவேளை அவருடைய இரத்த அழுத்தம். சுவரின் தடிமனோ எல்லோருக்கும் சீராக 1.5 அல்லது 2 மி.மீ. பிரேதப் பரிசோதனையில் எடுத்த வீக்கங்களை ராகவன் குழுவினர் அளந்து 2006இல் வெளியிட்டனர்: சுவர் 0.23 மி.மீ. முதல் 4.26 மி.மீ. வரை இடத்துக்கு இடம் மாறியிருந்தது. மிக மெல்லிய அளவு கிடைத்தது வெடித்த இடத்தில். தடிமன் பாதியானால் தகைவு ஏறத்தாழ இருமடங்காகும். லாப்லாஸ் விதி படித்த இளநிலை மாணவரும் இதை அறிவார்.

வெடிப்பு என்பது தகைவு வலிமையை மீறும் நிகழ்வு. அந்த வலிமையை உயிருள்ள நோயாளியிடம் அளக்க வழியில்லை. ஆகவே பாலினம், குடும்ப வரலாறு, உறைகட்டியின் தடிமன் ஆகியவற்றைக் கொண்ட புள்ளியியல் சமன்பாடு ஒன்றால் ஊகிக்கிறோம். அதாவது பின்னத்தின் பகுதி, பிறருடைய சராசரி.

நாம் உழைப்பைக் கொட்டுவதோ பொருட்பண்புச் சமன்பாடுகளில். ஸ்கேனில் காணும் வடிவம் ஏற்கெனவே அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் வடிவம்; அங்கே சுவரின் சராசரித் தகைவைச் சமநிலையே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. ஜோல்டெஸ், மில்லர் முதலியோர் இதைத் தெளிவாகக் காட்டிய பின்னும், புதிய சமன்பாடு ஒன்றைச் சேர்த்து மற்றுமொரு வண்ணப்படம் அச்சேறுகிறது. (அந்தச் சிவப்புப் புள்ளிக்குத்தான் எவ்வளவு கவர்ச்சி!)

‘விட்டம் ஒன்றே போதும்’ என்போர் இதைக் கண்டு மகிழ வேண்டியதில்லை. 5.5 செ.மீ. என்ற எல்லைக்கு ஆதாரமான இரு பெரும் ஆய்வுகளில் பிரிட்டனின் ஆய்வில் பெரும்பான்மையினர் ஆண்கள். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ ஏறத்தாழ அனைவருமே ஆண்கள். ஒரே விட்டத்தில் பெண்களுக்கு வெடிப்பு அபாயம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். பெண்களுக்கு எல்லையை 5 செ.மீ. எனச் சற்றுக் குறைத்தாலும், 4.8 செ.மீ. வீக்கத்துடன் வரும் மெலிந்த பெண்ணிடம் ‘காத்திருங்கள்’ என்று சொல்ல அந்த எண் தரும் துணிவு மிகக் குறைவு. அவருக்காகத்தான் இத்துறையே வேண்டும். அதனால்தான் இந்தச் சலுகைக் கணக்குகளைக் கண்டு எனக்குச் சினம் வருகிறது.

‘சாதாரண ஸ்கேனில் தடிமன் துல்லியமாகத் தெரியாதே, என்ன செய்வது?’ என்று கேட்பீர்கள். தெரியாததைத் தெரியாதது என எழுதுங்கள். ஒற்றை எண்ணுக்குப் பதில், தடிமனும் வலிமையும் மாறக்கூடிய எல்லை முழுவதற்கும் அபாயத்தின் வீச்சைத் தாருங்கள். வெடித்துவிட்ட வீக்கத்தின் ஸ்கேனைப் பின்னோக்கி ஆராய்ந்து ‘கணித்தோம்’ என எழுதாதீர்கள். வெடிப்பே வடிவத்தை மாற்றியிருக்கலாம். கண்காணிப்பிலிருக்கும் நோயாளிகளின் கணிப்பை முன்கூட்டியே முத்திரையிட்டுப் பொதுவில் வையுங்கள். சிறிய வீக்கங்கள் ஆண்டுக்குச் சுமார் நூற்றில் ஒன்றே வெடிப்பதால், ஒரு மருத்துவமனையின் ஐம்பது ஸ்கேன்கள் இதற்குப் போதா. பல நகரங்கள் ஒரே நெறிமுறையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைக்க வேண்டும். முனைவர் பட்டத்தின் கால அளவுக்குள் அது முடியாது. நெறியாளர்கள் இதற்கு என்ன சொல்லப்போகிறார்கள்?