காட்டு விதையும் மக்கள் சொத்தே!

ஒரு நல்ல வருஷத்துக் கணக்கைக் காட்டி, "ஏக்கருக்கு இத்தனை மூட்டை!" என்று விதையைப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. நாம் கேட்பது வேறு. கெட்ட வருஷத்தில் அது எத்தனை மூட்டை தந்தது? வெள்ளாமை பொய்த்தால் முதலில் நிற்பது விவசாயத் தொழிலாளியின் கூலி. அடுத்து ஏறுவது ஆலைத் தொழிலாளி வாங்கும் அரிசியின் விலை. ஆகவே நிலையான விளைச்சல் என்பது விஞ்ஞானிகளின் விவகாரம் மட்டுமல்ல. நம் வயிற்று விவகாரம்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஓட்ஸ் என்பது குளிர் நாட்டுத் தானியம். துரு நோய் அதன் பரம வைரி. 'விக்டோரியா' என்ற ரகத்தின் வழிவந்த விதைகள் துருவைத் தாங்கின. 1940-களில் அயோவா மாநில வயல்களில் பெரும்பகுதி அந்த ஒரே வம்சம்தான். 1946-ல் வேறொரு பூஞ்சாண நோய் கிளம்பிற்று. துருவுக்கு அஞ்சாத அதே விதைகள் இதற்கு இரையாயின. ஒரே வம்சத்தை நம்பியதன் பலன் இது!

பிற்பாடு அவர்கள் தேடிப் போனது எதை? களையை! மத்தியதரைக் கடல் நாடுகளில் 'அவெனா ஸ்டெரிலிஸ்' என்ற காட்டு ஓட்ஸ் மண்டிக் கிடக்கிறது. பழுத்ததும் மணி உதிர்ந்துவிடும்; அறுவடைக்கு ஆகாது. ஆனால் பயிர் ஓட்ஸைப் போலவே அதற்கும் 42 குரோமோசோம்கள்; எளிதில் கலப்பினம் செய்யலாம். அதிலிருந்து துருவைத் தாங்கும் குணங்களைப் பயிருக்குள் கொண்டுவந்தார்கள். 1968-ல் அயோவாவில் வெவ்வேறு எதிர்ப்புக் குணமுள்ள விதைகளைக் கலந்தே விதைக்கக் கொடுத்தார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

நெல்லிலும் இதே கதைதான். பயிரைக் குட்டையாக்கிப் புல்லாக்கும் வைரஸ் நோய் ஆசியாவை ஆட்டியபோது, பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் 1963-ல் எடுத்த காட்டு நெல் ஒன்றுதான் தாங்கிற்று. 1976-ல் வந்த ஐ.ஆர். 36-ல் அதன் குணம் இருக்கிறது.

காட்டு விதை மந்திரமல்ல. நல்ல குணத்தோடு உதிரும் குணமும் கூடவே வரும். அதைக் கழித்து, பல ஊர்களில், பல வருஷம், மழையிலும் வறட்சியிலும் விதைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த போகத்தில் லாபம் தேடும் வியாபாரி அதுவரை காத்திருப்பானா? மாட்டான். எனவே அரசாங்கப் பண்ணைகளும் விதைச் சேமிப்பு நிலையங்களும் செழிக்கப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் காட்டு நெல் நிற்கும் இடங்கள் காக்கப்பட வேண்டும்.

விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், மாற்றிக் கொள்ளவும் 2001-ம் வருஷச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையில் யார் கை வைத்தாலும் நாம் விடக்கூடாது. யாரும் விதைக்காமல் விளைந்ததற்கு யாரும் தனிச் சொந்தம் கொண்டாட முடியாது!