கீழாநெல்லிக்கும் சோதனை வேண்டும்

மழைக்காலம் வந்துவிட்டால் மும்பையில் அசுத்தமான குடிநீர் வழியே மஞ்சள் காமாலையும் வந்துவிடுகிறது. தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் பலர் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பதும், உப்பும் எண்ணெயும் தள்ளிப் பத்தியம் காப்பதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இதைக் கேலி செய்வது எளிது. கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதும் எளிது. சோதித்துப் பார்ப்பதுதான் கடினம். தேவையும் அதுவே.

சோதனை நடக்காமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்கும் சேர்ந்து செய்த ஆய்வு 1988ல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. 'பி' வகைக் காமாலைக் கிருமியை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லித் தூள் தரப்பட்டது. அதை உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத தூளை உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. தமிழர் பெருமைப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் பின்னர் தாய்லாந்து போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றுபோல் தோன்றும் பல இனச் செடிகள் விற்கப்படுவது சிக்கலை மேலும் கூட்டுகிறது.

நிலவேம்பும் கடுகுரோகிணியும் எலிகளின் கல்லீரலைக் காப்பதாக ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. பாரசிட்டமாலை அளவுக்கு மீறிக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுத்து, மூலிகை கொடுத்த எலிக்குச் சேதம் குறைந்ததா என்று ரத்தத்தில் அளப்பார்கள். இவற்றில் பல ஆய்வுகளில் மூலிகை முன்கூட்டியே தரப்படுகிறது. மனிதனோ நோய் வந்த பிறகே மருந்தைத் தேடுகிறான். எலியின் வெற்றி மனிதனின் வெற்றியாகிவிடாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தண்ணீரால் பரவும் 'ஏ' வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். அப்போது புகழ் பச்சிலைக்குப் போய்ச் சேருகிறது. ஆனால் அதே தண்ணீரால் வரும் 'ஈ' வகை, கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. கண் மஞ்சளானதை மட்டும் பார்த்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

பச்சிலை என்றாலே தீங்கில்லை என்பதும் தவறு. சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021ல் இதே மும்பையின் மருத்துவர்கள் எழுதினார்கள். அது வேறு இனச் செடியாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். அப்படியே இருந்தாலும், சரியான செடிதான் விற்கப்படுகிறது என்பதற்குப் பொறுப்பு யார்?

செடியின் இனத்தை உறுதி செய்து, பல மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் முறையாக ஆய்வு நடத்தி, முடிவு எதுவானாலும் வெளியிட அரசு முன்வர வேண்டும். அதுவரை, காமாலை கண்டவரை, குறிப்பாகக் கர்ப்பிணியை, பத்தியம் முடியட்டும் என்று வீட்டில் வைத்திருக்கலாகாது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் 'பி' வகைத் தடுப்பூசி போடவும் தவறலாகாது.

பாட்டி தந்த மருந்தை மதிப்பவர்கள் சோதனைக்கு அஞ்சத் தேவையில்லை. மெய்யான மருந்து எந்தச் சோதனையிலும் நிற்கும்.