கால் பைசாவும் கணக்கே

கணக்கர் என்றால் கை இறுகியவர் என்பது உலகத்தாரின் பொதுவான அபிப்பிராயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாழ்ந்து மறைந்த நமது பாட்டனாரை அறிந்தவர்கள் அதை ஒருகாலும் ஒப்பமாட்டார்கள்.

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமியின் தலம். தாய் வந்து சேராத கர்ப்பிணிக்கு ஈசனே மருத்துவச்சியாக வந்து பிரசவம் பார்த்தார் என்று தலபுராணம் கூறும். அவ்வூரிலிருந்து பாட்டனார் நாள்தோறும் இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்குச் சென்று கணக்கெழுதி வந்தார்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நாணய முறை மாறிற்று. ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி என்ற கணக்கு போய், 100 நயா பைசா வந்தது. ஓரணாவுக்குச் சரியான மதிப்பு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு ஆறு பைசா என்று வைத்தார்கள். தெருவில் மோர் விற்ற மூதாட்டியிடம் தினம் ஓரணாவுக்கு வாங்கியவர்கள் ஆறு பைசா கொடுத்தார்கள். பதினாறு நாளில் அவளுக்குச் சேர வேண்டியது 100 பைசா, சேர்ந்ததோ 96. பாட்டனார் வீடு வீடாகச் சென்று, நாலு நாளைக்கு ஒரு முறை கால் ரூபாயாகக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். நாலணாவுக்கு 25 பைசா. அதில் எவருக்கும் நஷ்டமில்லை.

நாம் பிறந்தபோது அணாவும் தம்பிடியும் மறைந்து வெகுகாலமாயிற்று. ஆயினும், "ஆண்டாள் கோபுரம் 192 அடி என்பார்கள், அடிக்கு ஒரு தம்பிடி வைத்தால் உச்சியில் ஒரு ரூபாய்" என்று அவர் கற்பித்த வாய்பாடு இன்னும் மறக்கவில்லை.

1983-ல் ஓய்வு பெற்றதும், கைக்கு வந்த சேமநல நிதியைப் பேரன் பேத்திகள் பேரில் சமமாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் எழுதினார். 1997-ல் நாம் கல்லூரியில் சேரும் சமயம், "பெண்ணின் பங்கை நகையாகச் செய்து வைத்தால் உதவும், படிப்புக்குச் செலவு செய்வானேன்?" என்றார்கள் உறவினர். பாட்டனார் வாதாடவில்லை. பேரனின் கல்லூரிச் சம்பளம் எழுதிய பக்கத்தைத் திறந்து காட்டினார். அது 'செலவு' என்றல்ல, 'முதல்' என்று எழுதப்பட்டிருந்தது. "பேரனுக்கு முதல் என்றால் பேத்திக்கு மட்டும் எப்படிச் செலவாகும்?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல ஆளில்லை. இன்று நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது அந்த ஒரு சொல்லின் பயன்.

எவர் பங்கும் தவறிப் போகாமல் காப்பதற்கே கணக்கு. இந்த உண்மையை அவர் உபதேசம் செய்ததில்லை; எழுதியே காட்டினார். நேயர்கள் வீட்டுப் பரணிலும் பெரியவர்களின் பழைய கணக்கு நோட்டுகள் இருக்கலாம். அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடை போடுமுன் குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரு முறை புரட்டிப் பாருங்கள். எவையெல்லாம் 'முதல்' என்று எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.