வாயப்பயம் நோயல்ல

முசரவாக்கம் காலனிப் பிள்ளை வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்றால் வகுப்பே சிரிக்கும். 'நாக்கு தடிச்சிருக்கு' என்பார் வாத்தியார். அதையே பேச்சுப் பயிற்சி நிபுணரும் எழுதிக்கொடுத்தால் எங்கே போவோம்?

ழகரம் யகரமாவது வடமாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழக்கு. அமெரிக்காவிலும் கறுப்பின மக்களின் பேச்சைக் குறைபாடு என்றவர்கள் உண்டு. எந்தச் சமூகத்தின் வழக்கும் நோயல்ல என்று அங்குள்ள பேச்சு, செவித்திறன் வல்லுநர் சங்கமே 1983இல் அறிவித்தது. இங்கே எங்கள் தமிழை இன்னும் 'சேரிப் பேச்சு' என்கிறார்கள் (படித்தவர்கள்தான்!). அந்தக் காதோடு சோதித்தால் நன்றாகப் பேசும் பிள்ளைக்கு முத்திரை விழும். நிஜமாகவே காது கேளாத பிள்ளையையோ, 'இவங்க பேச்சே இப்படித்தான்' என்று திருப்பி அனுப்புவார்கள்.

இளநிலை நான்கு ஆண்டு, அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. முதுநிலை மேலும் இரண்டு. தனியார் கல்லூரிக் கட்டணம் கூலி வீட்டுக்கு எட்டாது. அரசுக் கல்லூரிகளில் இடங்களைக் கூட்டு என்கிறோம். பயிற்சி மாணவர்களைக் காலனி அங்கன்வாடிக்கு அனுப்பு, சோதனைச் சொற்பட்டியலில் எங்கள் வீட்டுத் தமிழையும் சேர் என்கிறோம். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த தம்பி தங்கைகளே, எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இந்தப் படிப்புக்கும் விண்ணப்பம் போடுங்கள், தோழர்களே.